ஒரு சிட்டிகை மஞ்சளுக்கு நாலரைக் கிலோமீட்டர்

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வரும் அணிப் பெருக்கலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல் அணியில் ஒரு நிரை, இரண்டாவது அணியில் ஒரு நிரல். எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டி, விடையில் ஒரு கட்டத்தை நிரப்புவோம். மூன்றுக்கு மூன்று என்றாலே பரீட்சைத் தாளில் அரைப் பக்கம் போய்விடும். 4,096 நிரையும் 4,096 நிரலும் உள்ள இரண்டு அணிகளைப் பெருக்கச் சொன்னால்? சுமார் 6,870 கோடிப் பெருக்கல்கள், கிட்டத்தட்ட அதே அளவு கூட்டல்கள்.

2020-ல் சார்லஸ் லைசர்சன் உள்ளிட்ட எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைத்தான் ஒரு கணினியிடம் கொடுத்துப் பார்த்து, நடந்ததை ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். கல்லூரி மாணவர்கள் எழுதுவதுபோல பைத்தான் மொழியில் நாலைந்து வரிகளில் கணினி நிரல் எழுதினால், விடை வர ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆனது. அதே கணக்கை சி மொழியில் எழுதினால் ஒன்பது நிமிடம். கணினிக்குள் தனித்தனியே கணக்குப் போடக்கூடிய 18 கருக்களுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்ததும் 70 விநாடி. அடுத்து, எண்களைக் கையாளும் வரிசையை மட்டும் மாற்றினார்கள். பெரிய அணியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒரு துண்டை எடுத்தால் அதன் வேலையை முடித்துவிட்டே அடுத்ததைத் தொடுவது என்று வைத்துக்கொண்டார்கள். நாலு விநாடிக்குள் முடிந்தது. கடைசியாக, ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துப் பெருக்கும் வசதியையும் முழுக்கப் பயன்படுத்தியபோது 0.41 விநாடி.

கணினி மாறவில்லை. கணக்கும் மாறவில்லை. வேகம் மட்டும் 60,000 மடங்குக்கு மேல் கூடியது.

இந்தச் சோதனையில் என்னைப் பிடித்து நிறுத்துவது 70 விநாடி நாலு விநாடியாக ஆன அந்தப் படிதான். அங்கே ஒரு பெருக்கல்கூடக் குறையவில்லை. எந்த எண்ணை எப்போது கொண்டுவருவது, கொண்டுவந்ததை எவ்வளவு நேரம் கையிலேயே வைத்திருப்பது என்பதுதான் மாறியது. கணிப்பொறி இயல் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மல்லுக்கட்டப்போகும் பிரச்சினை அந்த ஒரு படிக்குள் இருக்கிறது.

இவ்வளவு வேகம் கண்ணெதிரே கிடந்தும் இத்தனை நாள் ஏன் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை? தேவைப்படவில்லை என்பதே காரணம். நிரல் மெதுவாக ஓடுகிறதா, இரண்டு வருடம் பொறு, புதுச் சிப் வரும், தானாக வேகமெடுக்கும். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்தது கார்டன் மூரின் கணிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சிப்பில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட கால இடைவெளியில் இரட்டிப்பாகும் என்று 1965-ல் எழுதினார், பிறகு 1975-ல் அதை இரண்டு ஆண்டு என்று திருத்திக்கொண்டார். ஆனால் டிரான்சிஸ்டர் பெருகினால் சூடும் பெருக வேண்டுமே, சிப் ஏன் உருகவில்லை? அதற்கான விடையை 1974-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் தந்தார்கள். டிரான்சிஸ்டரின் நீள அகலத்தைக் குறைக்கும்போது அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டர் சிலிக்கன் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சிறிதும் அதிகமாகாது. அளவு சிறுக்கும், வேகம் ஏறும், சூடு அப்படியே இருக்கும். முப்பது ஆண்டுகள் உலகம் இந்த வரத்தில் வாழ்ந்தது.

பிறகு வரம் தீர்ந்தது. மின்னழுத்தத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் டிரான்சிஸ்டர் முழுதாக மூடாது. சரியாக அடைபடாத குழாய்போல மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவே சூடாகிறது. 2004-ல் இன்டெல் தன் பென்டியம் 4 செயலியை 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோயிற்று. 4 கிகாஹெர்ட்ஸ் செயலி வருகிறது என்று அறிவித்துவிட்டு, அக்டோபரில் அதைக் கைவிட்டது. நிறுவனத்தின் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். இருபது ஆண்டுகள் கழித்து இன்று கடைக்குப் போய் மடிக்கணினி வாங்கினாலும் அதன் கடிகாரத் துடிப்பு அந்த 4 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியேதான் நிற்கிறது. கருக்களின் எண்ணிக்கை பெருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனிமேல் கணினி வேகத்தின் விலை மின்சாரம். அந்த மின்சாரம் எங்கே போகிறது என்று பார்த்தால் யாருக்கும் திகைப்பாக இருக்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் ஓர் அட்டவணையை முன்வைத்தார். 45 நானோமீட்டர் நுட்பத்தில் செய்த சிப்பில், 32 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்ட ஆகும் ஆற்றல் 0.1 பிக்கோஜூல். அதே அளவுள்ள ஓர் எண்ணைச் சிப்புக்கு வெளியே இருக்கும் முதன்மை நினைவகத்திலிருந்து எடுத்துவர ஆகும் ஆற்றல் 640 பிக்கோஜூல். 6,400 மடங்கு!

சமையலறையில் வைத்துப் பார்க்கலாம். கூட்டல் என்பது குழம்பில் ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டுக் கிளறுவது. அதற்கு ஓர் அடி எடுத்துவைக்கும் உழைப்பு என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் கவலை இல்லை. செயலிக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம், கேஷ் என்கிறார்களே, அதுதான் அஞ்சறைப் பெட்டி. அங்கே போய்வர ஐம்பது அடி. ஆனால் மஞ்சள் கடையில் இருந்தால் 6,400 அடி நடக்க வேண்டும். ஒரு அடிக்கு எழுபது சென்டிமீட்டர் என்று போட்டால் நாலரைக் கிலோமீட்டர். ஒரு சிட்டிகைக்காக நாலரைக் கிலோமீட்டர் நடந்து, குழம்பில் போட்டுவிட்டு, உப்புக்காக மறுபடி கிளம்பும் சமையல்காரரை எண்ணிப்பாருங்கள். இன்றைய கணினிகள் பெரும்பாலான நேரம் செய்துகொண்டிருப்பது இதைத்தான். எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வரிசையை மாற்றியபோது நடந்ததும் இதுதான்: ஒரு நடையில் கொண்டுவந்த மஞ்சளை வைத்து அன்றைய குழம்பு அத்தனைக்கும் போட்டு முடித்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சுமையைப் பல மடங்காக்கிவிட்டது. உரையாடும் மொழி மாதிரிகளுக்குள் இருப்பது கோடிக்கணக்கான எண்கள். அத்தகைய மாதிரி ஒரு சொல்லை உதிர்க்க அந்த எண்களை எல்லாம் நினைவகத்திலிருந்து ஒரு தடவை படித்தாக வேண்டும். அடுத்த சொல்லுக்கு மறுபடியும். தரவு மையங்களுக்கு மின் நிலையங்கள் போதவில்லை என்று செய்தித்தாள்களில் வருவதன் மூலக் காரணங்களில் ஒன்று இந்த நடை.

நடையைக் குறைப்பது எப்படி என்பதற்கு ஒரு நல்ல விடை 1978-லேயே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். கலவை கீழே, தளம் மேலே. ஒவ்வொரு சித்தாளும் ஒரு சட்டி கலவையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, கொட்டிவிட்டு, இறங்கி வந்து அடுத்த சட்டியை எடுத்தால் அன்றைக்குத் தளம் முடியாது. அதனால் சாரத்தில் வரிசையாக நிற்பார்கள். சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். யாரும் நடப்பதில்லை, சட்டி மட்டுமே நடக்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹெச்.டி. குங் என்ற பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவரும் சேர்ந்து சிப்புக்குள் இப்படி ஒரு வரிசையை அமைக்கலாம் என்றார்கள். பெருக்கிக் கூட்டும் சின்னச் சின்ன அலகுகளைக் கட்டம் கட்டமாக அடுக்குவது. நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை ஒரு தடவை மட்டும் எடுத்துவருவது. அதை ஒவ்வோர் அலகும் தன் வேலைக்குப் பயன்படுத்திவிட்டு, கடிகாரம் ஒரு தரம் துடித்ததும் பக்கத்து அலகின் கையில் கொடுத்துவிடுவது. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதை மருத்துவத்தில் சிஸ்டலி என்பார்கள். அதை வைத்து இந்த அமைப்புக்கு சிஸ்டாலிக் அணி என்று பெயரிட்டார்கள். அந்த ஆய்வு மாணவரின் பெயர் சார்லஸ் லைசர்சன். 42 ஆண்டுகள் கழித்து ஏழு மணி நேரத்தை 0.41 விநாடியாக்கிக் காட்டியவர்களில் ஒருவர் அவரே.

1978-ல் இதற்குச் சந்தை இல்லை. எண்பதுகளில் கார்னெகி மெலன் இந்த அடிப்படையில் வார்ப் என்ற கணினியைச் செய்தது. இன்டெல்லோடு சேர்ந்து ஐவார்ப் என்ற சிப்பையும் உருவாக்கியது. அது வணிகத்தில் எடுபடவில்லை. வழக்கமான செயலிகள்தாம் சும்மா இருந்தாலே வேகம் கூடிக்கொண்டிருந்தனவே, புது மாதிரி எதற்கு? கருத்து பாடப் புத்தகங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பேராசிரியர்கள் அதை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

2013-ல் கூகுள் பொறியாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பயனர்கள் நாளுக்கு மூன்று நிமிடம் குரல்வழித் தேடலைப் பயன்படுத்த ஆரம்பித்தால், நரம்பியல் வலைப்பின்னல்களை ஓட்டுவதற்காக நிறுவனத்தின் தரவு மையங்களின் கணினித் திறனையே இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். அவசரம் பிறந்தது. நார்மன் ஜூப்பி தலைமையில் பதினைந்து மாதத்தில் ஒரு சிப்பை வடிவமைத்து, செய்து, 2015-ல் தரவு மையத்தில் பொருத்தினார்கள். டி.பி.யூ. என்ற அந்தச் சிப்பின் நெஞ்சில் இருந்தது 256-க்கு 256 என்று அடுக்கிய 65,536 அலகுகள் கொண்ட சிஸ்டாலிக் அணி. ஒரு வாட் மின்சாரத்துக்கு அது செய்த வேலை, அன்றைய செயலிகளும் கிராஃபிக்ஸ் அட்டைகளும் செய்ததைப்போல 30 முதல் 80 மடங்கு.

கருத்து பிறந்ததற்கும் பயன்பட்டதற்கும் இடையில் 37 ஆண்டுகள். எந்த நிறுவனத்தின் கணக்குப் பிள்ளையும் 37 ஆண்டுகள் ஒரு கருத்துக்குச் சோறு போட மாட்டார். பல்கலைக்கழகம் போடும். அதேபோல, ‘மூன்று நிமிடம்’ என்ற அந்தக் கணக்கைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு யாராலும் போட்டிருக்க முடியாது. எத்தனை கோடிப் பேர் என்ன தேடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கல்விக்கூடமும் தொழிலும் சேர வேண்டும் என்று மேடைகளில் பொதுவாகச் சொல்வதை நான் இந்த அளவில்தான் புரிந்துகொள்கிறேன். ஒருவரிடம் காலம் இருக்கிறது, மற்றவரிடம் அவசரம் இருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாடு இப்போது தள்ளாடுகிறது. 2012-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்டனும் இரண்டு மாணவர்களும் படங்களை இனங்காணும் வலைப்பின்னல் ஒன்றைப் பயிற்றுவித்து உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தார்கள். அதற்குத் தேவைப்பட்டவை, வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகளும் ஐந்தாறு நாட்களும். 2024-ல் மெட்டா தன் பெரிய மொழி மாதிரியைப் பயிற்றுவிக்க 16,000 அட்டைகள் வரை பயன்படுத்தியதாக அறிவித்தது. அவற்றில் ஒவ்வொன்றின் விலையும் பல லட்சம் ரூபாய். எந்தப் பல்கலைக்கழகம் இதற்கு ஈடுகொடுக்கும்? ஈடுகொடுக்க முடியாதபோது ஆட்கள் கிளம்பிப் போகிறார்கள். 2015-ல் கார்னெகி மெலனின் ரோபாட்டிக்ஸ் மையம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ நாற்பது பேரை ஊபர் நிறுவனம் ஒரேயடியாக வேலைக்கு எடுத்துக்கொண்டது. விதை நெல்லைச் சமைத்துச் சாப்பிட்ட மாதிரிதான் எனக்கு அது பட்டது. ஆய்வு மாணவரை உருவாக்கும் பேராசிரியரையே கூட்டிக்கொண்டு போய்விட்டால் அடுத்த பத்தாண்டுக்கான ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்?

இதைப் போன்ற ஒரு நெருக்கடியைக் கணினித் துறை முன்பும் சந்தித்திருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் சிப் வடிவமைப்பு பெரிய நிறுவனங்களின் மூடிய அறைகளுக்குள் இருந்தது. சிப் செய்வதென்றால் வடிவத்தைச் சிலிக்கனில் பதிக்கும் ஒளிக்கவசங்கள் செய்ய வேண்டும், தொழிற்சாலையை ஒரு முறை முழுதாக ஓட்ட வேண்டும். மாணவர் வரைந்த படத்துக்காக அதை யார் செய்வார்கள்? கால்டெக்கின் கார்வர் மீடும், ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்த லின் கான்வேயும் இரண்டு காரியம் செய்தார்கள். மாணவர்களும் புரிந்துகொள்ளும்படி வடிவமைப்பு விதிகளை எளிமையாக்கிப் பாடநூலாக எழுதினார்கள். கூடவே, பல பேருடைய வடிவமைப்புகளை ஒரே சிலிக்கன் வில்லையில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, செலவைப் பங்குபோட்டுக்கொள்ளும் வழியையும் கான்வே நடத்திக்காட்டினார். நம்மூர் ஷேர் ஆட்டோதான். தனி ஆட்டோவுக்குக் காசில்லாத எட்டுப் பேர் சேர்ந்து ஏறிக்கொண்டால் எல்லோருமே ஊர் போய்ச் சேரலாம். 1981-ல் அமெரிக்க ராணுவ ஆய்வு நிதியில் மோசிஸ் என்ற பெயரில் இது நிரந்தரச் சேவையானது.

அந்தச் சூழலில்தான் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனும் மாணவர்களும் எளிமையான கட்டளைகளை மட்டுமே கொண்ட ரிஸ்க்-1 செயலியைச் செய்தார்கள். 44,420 டிரான்சிஸ்டர்கள்தாம் அதில். பெரிய நிறுவனங்களின் அனுபவசாலிகள் செய்த செயலிகளோடு அது போட்டிபோட்டது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னசி அதே திசையில் மிப்ஸ் செயலியை உருவாக்கினார். கூகுளின் டி.பி.யூ.வைச் செய்த ஜூப்பி, அந்த மிப்ஸ் அணியில் மாணவராக இருந்தவர். பேட்டர்சனும் பின்னாளில் கூகுளில் சேர்ந்து டி.பி.யூ. கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரானார். ஷேர் ஆட்டோவில் ஏறிய மாணவர்கள் கடைசியில் எங்கே போய் இறங்கினார்கள் பாருங்கள்.

2010 கோடையில் பெர்க்லியில் அடுத்த அத்தியாயம் தொடங்கியது. மென்பொருளும் சிப்பும் பேசிக்கொள்ளும் மொழிக்குக் கட்டளைத் தொகுப்பு என்று பெயர். கூட்டு, எடு, வை, தாவு என்று சில டஜன் சொற்கள்தாம் அடிப்படை. ஆனால் அந்தச் சொற்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. இன்டெல்லின் மொழியில் சிப் செய்ய வேறு யாருக்கும் எளிதில் உரிமை கிடைக்காது; ஆர்ம் மொழியில் செய்யக் கட்டணம் கட்ட வேண்டும். பெர்க்லிப் பேராசிரியர் கிர்ஸ்டே அசானோவிச் தன் மாணவர்களின் ஆய்வுக்காக, ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சப் லீ ஆகிய இருவரோடு சேர்ந்து, மூன்று மாத வேலை என்று நினைத்துப் புதிய தொகுப்பு ஒன்றை எழுதத் தொடங்கினார். பேட்டர்சனும் கூடவே நின்றார். அதுதான் ரிஸ்க்-5. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். இந்த வேலை பிறந்த பெர்க்லி ஆய்வகத்துக்குத் தொடக்க நிதி கொடுத்தவை இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும். கொடுத்த பணத்துக்கு என்ன வெளிவர வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் ரிஸ்க்-5 வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தக் கதையின் இழை சென்னைக்கும் நீள்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு 2014 வாக்கில் ரிஸ்க்-5 அடிப்படையில் சக்தி என்ற செயலிக் குடும்பத்தை வடிவமைக்கத் தொடங்கியது. அதை எழுதப் பயன்பட்ட புளூஸ்பெக் என்ற வடிவமைப்பு மொழியும் பல்கலைக்கழகத்தில் பிறந்ததே: கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி.யில் பேராசிரியரான அர்விந்தின் ஆய்வு நிறுவனமாக வளர்ந்து, பின்னர் அதன் கம்பைலர் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. 2018-ல் சக்தியின் ஒரு சிப், 22 நானோமீட்டர் நுட்பத்தில், அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள இன்டெல் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வந்து, லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டியது. அதே ஆண்டு இன்னொரு சிப், ரிமோ என்று பெயர், சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் இருக்கும் அரசின் செமி-கண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் உருவானது.

180 நானோமீட்டர் என்பது 2000-த்தை ஒட்டிய காலத்து நுட்பம். கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் விண்கலத்துக்கும் ராக்கெட்டுக்கும் தேவை கைபேசியின் வேகம் கிடையாது. கதிர்வீச்சுக்கு நடுவிலும் தவறாமல் கணக்குப் போட வேண்டும், கோளாறு வந்தால் தானே கண்டுபிடிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் ஐரிஸ் என்ற கட்டுப்பாட்டுச் சிப்பை அறிவித்தன. இஸ்ரோவின் திருவனந்தபுரம் மையம் தேவையைச் சொல்ல, சென்னையில் வடிவமைத்து, மொஹாலியில் சிப்பாக்கி, கர்நாடகத்தில் டாட்டா நிறுவனம் உறையிட, குஜராத்தில் மின்சுற்றுப் பலகை தயாராகி, மறுபடி சென்னையில் எல்லாம் பொருத்தப்பட்டது. ஒரு ஆய்வுக் குழு, இரண்டு அரசு நிறுவனங்கள், மூன்று தொழிற்சாலைகள். கைமாறிக் கைமாறி மேலே போகும் கலவைச் சட்டி இங்கேயும் இருக்கிறது.

வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் அடுத்த பெரிய தலைவலி பாதுகாப்பு. இதற்கு டீக்கடைக்குப் போகலாம். தினமும் காலை ஆறு மணிக்கு வரும் வாடிக்கையாளர் தெருமுனையில் திரும்பும்போதே டீ மாஸ்டர் அவருக்கு ஸ்ட்ராங் டீ போட ஆரம்பித்துவிடுவார். கேட்டபிறகு போட்டால் நேரமாகும். ஒரு நாள் அவர் வந்து, “மாஸ்டர், இன்னைக்குக் காபி” என்கிறார். போட்ட டீயைக் கொட்டிவிட்டுக் காபி போடுகிறார். எதுவும் நடக்காத மாதிரிதான். ஆனால் வடிகட்டி சூடாக, டிகாஷன் இறங்கித் தயாராக இருக்கிறது. அடுத்து வருகிறவர் டீ கேட்டால் வழக்கத்தைவிடப் பத்து விநாடி முன்னதாகக் கிடைக்கும். மூலையில் கடிகாரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், கொட்டப்பட்ட டீயைப் பார்க்காமலே அது டீதான் என்று சொல்லிவிடுவார்.

தொண்ணூறுகளிலிருந்து செயலிகள் இப்படித்தான் வேகமெடுத்தன. அடுத்த கட்டளை என்னவாக இருக்கும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்துவிடுவது. ஊகம் தப்பினால் அழித்துவிடுவது. அழித்தாலும் கேஷ் நினைவகத்தில் சுவடு மிஞ்சுகிறது, நேரத்தை அளந்து அதைப் படித்துக் கடவுச்சொல்லைக்கூடத் திருடலாம் என்ற உண்மை 2018 ஜனவரியில் வெளியானது. ஸ்பெக்டர், மெல்ட்டௌன் என்று பெயரிடப்பட்ட அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களில் கூகுளின் பாதுகாப்பு அணியும் இருந்தது, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவும் இருந்தது. சிப்பைச் செய்த நிறுவனங்களின் கண்ணுக்கு இருபது ஆண்டுகளாக அது படவில்லை. தான் கட்டிய வீட்டில் பூட்டு சரியில்லை என்று கண்டுபிடிக்க வெளியிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தள்ளிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

குறியாக்கத்திலும் இதே அனுபவம்தான். எதிர்காலக் குவாண்டம் கணினிகளால் உடைக்க முடியாத பூட்டுகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் நடத்திய நீண்ட போட்டியில் கடைசிக் கட்டம் வரை வந்த ஒன்று சைக். மைக்ரோசாஃப்ட் உட்படப் பல நிறுவனங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கியது. 2022-ல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் இருவர், 1997-ல் வெளியான ஒரு தூய கணிதத் தேற்றத்தைக் கையிலெடுத்து, சாதாரணக் கணினியின் ஒற்றைக் கருவில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதை உடைத்துவிட்டார்கள். 25 ஆண்டுகளாக யாருக்கும் காசு ஈட்டித் தராத தேற்றம். உலகின் வங்கிப் பரிமாற்றங்கள் அந்தப் பூட்டின்மேல் ஏற்றப்படுவதற்கு முன்பே அதன் பலவீனம் தெரிந்துவிட்டது. அந்தத் தேற்றத்துக்கு 1997-ல் ‘இதனால் தொழிலுக்கு என்ன பயன்’ என்று கேட்டு நிதியை நிறுத்தியிருக்கலாம்.

நம் பொறியியல் கல்லூரிகளில் கல்வி-தொழில் உறவு என்றால் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். புரிந்துணர்வு ஒப்பந்தம், பொன்னாடை, குழுப் படம், மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி. இறுதியாண்டு மாணவர் தன் திட்ட வேலையை ‘பிராஜெக்ட் சென்டர்’ ஒன்றில் காசு கொடுத்து வாங்கி, அட்டை போட்டுச் சமர்ப்பிக்கிறார். சொல்ல வருத்தமாக இருக்கிறது. திறமை குறைவு என்று நான் நம்பவில்லை. அவர் கையில் உண்மையான ஒரு பிரச்சினையை யாரும் கொடுக்கவில்லை. அவர் வரைந்ததைச் செய்து தரவும் யாரும் இல்லை.

மாற்று வழி தரமணியில் ஓரளவு முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. 2010-ல் திறக்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் இடம் எடுக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. மாணவர்களோடும் பேராசிரியர்களோடும் சேர்ந்து வேலை செய்து அதற்கான மதிப்புப் புள்ளிகளையும் ஈட்ட வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் இருந்தால் மட்டும் உறவு வந்துவிடாது என்று அதை அமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

நிறுவனங்களின் தாராளத்தை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2020-ல் கூகுளும் ஸ்கைவாட்டர் என்ற சிப் தொழிற்சாலையும் 130 நானோமீட்டர் நுட்பத்தின் வடிவமைப்பு விவரங்களை முழுவதும் திறந்துவிட்டன. ஈஃபேப்லெஸ் என்ற சின்ன நிறுவனம் வழியாக உலகெங்குமிருந்து மாணவர்கள் அனுப்பிய வடிவங்கள் சிப்பாகி வந்தன. 2025-ல் ஈஃபேப்லெஸ் பணமின்றிக் கடையை மூடியது. வடிவத்தை அனுப்பிவிட்டுச் சிப்புக்காகக் காத்திருந்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள். மோசிஸ் நிலைத்ததற்குக் காரணம் அதன் பின்னால் அரசு நிதி நீண்ட காலம் இருந்ததுதான்.

இந்தியாவில் இப்போது அப்படி ஒன்று தொடங்கியிருக்கிறது. மத்திய அரசின் ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப்’ திட்டத்தில் ஏறத்தாழ நூறு கல்வி நிறுவனங்கள் சேர்ந்திருக்கின்றன. லட்சக்கணக்கில் விலை வைத்த வடிவமைப்பு மென்பொருள்களைப் பெங்களூரு சி-டாக் மையத்திலிருந்து அவர்கள் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள். வரைந்து முடித்த வடிவங்களை ஒன்றாகத் திரட்டி, ஒரே சிலிக்கன் வில்லையில் நெருக்கி அடுக்கி, மொஹாலிக்கு அனுப்புகிறார்கள். அங்கே தொழிற்சாலை ஓடி, வில்லை அறுபட்டு, உறையிடப்பட்டு, ஒரு சின்னக் கறுப்புச் சதுரமாகக் கல்லூரிக்குத் திரும்பிவரப் பல மாதங்கள் ஆகும். வந்ததைச் சோதனைப் பலகையில் செருகி மின்சாரம் கொடுத்தால், முதல் தடவை பெரும்பாலும் எங்காவது ஒரு சிக்கல் இருக்கும். அன்றைக்கு இரவு முழுவதும் ஆசிலோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து, தான் வரைந்த கம்பி எங்கே தப்பியது என்று தேடும் மாணவிக்கு, மஞ்சள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதை யாரும் பாடமாக எடுக்க வேண்டியிருக்காது.